வாசற்படியும் ஸ்கோபஸ் மலையும்: மோர்மன்களின் இரு வழிகள்

மோர்மன்கள் என்போர் அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவத் திருச்சபையினர். மதம் பரப்பும் பணிக்காகக் கழுத்துப்பட்டையும் பெயர்ப்பட்டையுமாய் வாசலுக்கு வரும் மோர்மன் இளைஞர்கள் இருவர் இருவராகவே நடமாடுவார்கள். ஆண்களுக்கு 24 மாதப் பணி, பெண்களுக்கு 18 மாதம். நோக்கத்தை அவர்கள் மறைப்பதில்லை: தங்கள் வேதமான மோர்மன் நூலைத் தருவார்கள், பாடம் சொல்வார்கள், ஞானஸ்நானத்துக்கு அழைப்பார்கள். சிறுவர்களுக்குப் பெற்றோர் சம்மதமில்லாமல் ஞானஸ்நானம் கிடையாது. தேநீரும் காப்பியும் குடிக்க மாட்டார்கள். மறுத்தால் மரியாதைக் குறைவென்று நினைக்க வேண்டாம், தண்ணீரோ பழச்சாறோ போதும். விருப்பமில்லையென்றால் "வேண்டாம், இனி வர வேண்டாம்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். "பிறகு பார்க்கலாம்" என்பதை வரச் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

எருசலேமில் கதையே வேறு. ஸ்கோபஸ் மலையில் மோர்மன் திருச்சபையின் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் தன் மாணவர்களுக்காக மையம் கட்டத் தொடங்கியதும், மதமாற்றத்துக்கு அஞ்சி யூத வைதிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். இஸ்ரேலில் மதம் பரப்புவதில்லை என்று திருச்சபை எழுதிக்கொடுத்த பிறகே வழி பிறந்தது. 1987-இல் மாணவர்கள் குடியேறினார்கள். ஒவ்வொரு மாணவரும் அந்த உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும், மீறினால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படலாம். அங்கே யூத, பாலஸ்தீன ஆசிரியர்கள் பாடம் நடத்துகிறார்கள். வழிபாடும் ஞாயிறன்று அல்ல, சனிக்கிழமை.

மற்றவர்களுக்கு நம்மேல் நம்பிக்கை நிலைக்க எருசலேம் வழியே மேல் என்பேன். வாசலில் எவ்வளவு பணிவாகப் பேசினாலும், கேட்பவர் மனதில் அழைப்பு நெருடிக்கொண்டே இருக்கும்.