மூளைக்கட்டி ஆபரேஷன்: தியேட்டருக்குள் எம்.ஆர்.ஐ.யா, அல்ட்ராசவுண்டா?

பாலக்கோட்டில் எங்கள் பெரியப்பாவுக்கு வலிப்பு வந்து, தலைக்குள் கட்டி என்று தெரிந்ததும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில் இரண்டு ஆஸ்பத்திரிகள் மிஞ்சின. ஒன்றில் ஆபரேஷன் தியேட்டரோடு சேர்த்தே எம்.ஆர்.ஐ. வைத்திருக்கிறார்கள். இன்னொன்றில் டாக்டருக்குக் கட்டி இருக்கும் இடத்தைத் திரையில் காட்டும் நேவிகேஷனும் அல்ட்ராசவுண்டும். நாங்கள் இரண்டாவதற்குத்தான் போனோம். இப்போது யார் வீட்டிலாவது இதே பிரச்சினை என்றால் எங்களைக் கேட்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

கழித்துவிட்டவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தலையைத் திறக்காமல் கதிர்வீச்சைக் குவித்துக் கட்டிக்குச் சிகிச்சை தரும் காமா நைஃப் பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியிலேயே உண்டு. தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டினால் நேர் ரோடு. ஆனால் அது பொதுவாக 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும் கட்டிகளுக்கு. பெரியப்பாவுடையது அதைத் தாண்டியிருந்தது. அப்புறம், கத்தியே இல்லாமல் ஒலி அலையால் கட்டியைச் சுடும் வாட்ஸ்அப் வீடியோ. அது பொய் இல்லை. தலையில் மாட்டும் ஹெல்மெட்டில் 1024 முனைகளிலிருந்து வரும் அலைகள் ஒரே புள்ளியில் குவிந்து சூடாக்கும். ஆனால் அமெரிக்காவில் 2016-ல் அதற்கு அனுமதி கிடைத்தது கை நடுக்க நோய்க்கு. மூளைக்கட்டியைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறது.

"அல்ட்ராசவுண்டுதானே, இங்கே ஸ்கேன் சென்டரிலேயே எடுத்திருக்கலாமே?" என்று கேட்டவர்களும் உண்டு. பெரியவர்களின் மண்டை ஓடு ஒலியை மறித்துவிடும். கைக்குழந்தைக்கு உச்சிக்குழி மூடாமல் இருப்பதால் அந்த வழியாகப் பார்க்கிறார்கள். மற்றவர்களுக்கு ஓட்டைத் திறந்த பிறகுதான் படம் தெளிவாகத் தெரியும்.

எங்களை முடிவெடுக்க வைத்தது ஒரே விஷயம்: மூளை நகர்வது. நேவிகேஷன், ஆபரேஷனுக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ.யை வைத்து டாக்டருக்கு இடம் காட்டுகிறது. மூளையின் மேலுறையை வெட்டியதும் உள்ளிருக்கும் நீர் வடிகிறது, மூளை தொய்ந்து இறங்குகிறது. கட்டியில் பாதியை எடுத்தால் மீதி இன்னும் விலகுகிறது. ஒரு சென்டிமீட்டர் வரைகூட நகரலாம் என்றார் டாக்டர். தொப்பூர் கணவாயில் ரோட்டை மாற்றிப் போட்டுவிட்டுப் பழைய மேப்பைக் கையில் கொடுத்த மாதிரி. ஆக, நடுவில் புதுப் படம் எடுத்தே ஆக வேண்டும். அதை எம்.ஆர்.ஐ.யும் செய்யும், அல்ட்ராசவுண்டும் செய்யும்.

எத்தனை தடவை எடுக்க முடியும் என்பதில்தான் வித்தியாசம். எம்.ஆர்.ஐ. என்றால் காயத்தை மூடி, இரும்புச் சாமான் எதுவும் கிட்டத்தில் இல்லையென்று சரிபார்த்து, மயக்கத்தில் இருப்பவரை இயந்திரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். ஒரு தடவைக்கே அரை மணி, ஒரு மணி நேரம் கூடுகிறது. அதனால் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை. அல்ட்ராசவுண்டில் அந்த வேலை இல்லை. கருவியின் முனைக்குச் சுத்தமான உறை மாட்டி, டாக்டரே மூளைமேல் வைத்துப் பார்க்கிறார். சில நிமிடம். வேண்டும்போதெல்லாம் பார்க்கலாம்.

ஆபரேஷன் முடிந்தபின் டாக்டர் பதிவுசெய்த படங்களைக் காட்டினார். முதல் படத்தில் சாம்பல் நிறத்துக்கு நடுவே கட்டி வெள்ளையாகத் திரண்டிருந்தது. அடுத்ததில் அந்த இடம் கறுப்புக் குழி, உப்புநீர் நிரப்பியிருந்தார்கள். குழியின் அடியில் விரல்நக அகலத்துக்கு ஒரு வெள்ளை.

"சார், அது கட்டியா, ரத்தமா?" என்று அண்ணன் கேட்டான்.

"அதைத்தான் தம்பி நானும் அப்போ யோசிச்சேன்" என்றார்.

உப்புநீருக்குள் ஒலி தடையில்லாமல் போவதால் குழியின் அடிப்பக்கம் உள்ளதைவிட வெள்ளையாகத் தெரியுமாம். ரத்தமும் வெள்ளையாகத்தான் தெரியும். வேறு கோணத்தில் சாய்த்துப் பார்த்து, அப்போதும் இருந்ததால்தான் எடுத்திருக்கிறார். எடுத்த கருவியும் ஒலி அலைக் கருவியே: நொடிக்கு 23,000 தடவை அதிரும் முனை கட்டியை உடைத்து உறிஞ்சிக்கொள்ளும்.

இந்தக் குழப்பம் எம்.ஆர்.ஐ.யில் இவ்வளவு இல்லை. படத் தெளிவில் அதுதான் மேல், சந்தேகமே வேண்டாம். அல்ட்ராசவுண்ட் முழுக்க கைப்பழக்கத்தைப் பொறுத்தது. ஆகவே கருவி இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். அந்த டாக்டர் அதை வழக்கமாகப் பயன்படுத்துகிறாரா என்று கேளுங்கள்.

பணம்? எம்.ஆர்.ஐ. தியேட்டருக்குச் சொன்ன தொகை கூடுதல், எதிர்பார்த்ததுதான். முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. அந்த ஆஸ்பத்திரியும் அந்த ஆபரேஷனும் அதில் வருமா என்று சேர்வதற்கு முன்பே கவுன்டரில் கேட்டுவிடுவது நல்லது.

பெரியப்பாவுக்குக் கையை அசைக்கும் பகுதியை ஒட்டி ஒரு சின்னத் துண்டை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். மெதுவாக வளரும் வகை. கட்டி மறுபடி வருமா, வராதா என்று சொல்ல வருடங்கள் ஆகும். ஒரே ஒருவரைப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் இதுவே சரி என்று நான் சொல்ல மாட்டேன். கட்டி இன்னும் ஆழத்தில் இருந்து, அந்த டாக்டருக்கு அல்ட்ராசவுண்ட் பழக்கமும் இல்லையென்றால், கூடுதல் பணத்தைக் கட்டி எம்.ஆர்.ஐ. தியேட்டருக்கே போயிருப்போம்.