பிலாட்டீஸா, யோகாவா, நடையா: பீடி சுற்றும் இடுப்புக்கு எது?

குடியாத்தத்தில் என் அண்ணி இருபது வருடமாகப் பீடி சுற்றுகிறார். மடியில் முறம், மடக்கிய கால், குனிந்த முதுகு. எழும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்து, இன்னொரு கையை இடுப்பில் ஊன்றி, கொஞ்ச நேரம் அப்படியே நின்றுதான் நிமிர்வார். அவருக்கு எது சரிப்படும் என்று ஒரு வருடம் தேடி அலைந்தேன். அதில் தெரிந்துகொண்டதுதான் இது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டாக்டர் பார்த்து, பயப்படும்படி எதுவும் இல்லை என்று சொன்ன நாள்பட்ட வலிக்குத்தான் இந்த அலசல் பொருந்தும். கால் வலுவிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இடுப்பு வலி என்றதும் முதலில் வருவது பெல்ட்டும், படுக்க வைத்து முதுகை இழுத்துப் பிடிக்கும் இழுவை சிகிச்சையும்தான். அண்ணியும் பத்து நாள் இழுவைக்குப் போனார். படுத்திருக்கும்வரை சுகம், பஸ் ஏறி வீடு வருவதற்குள் பழைய வலி. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட இடுப்பு வலிக்கு வழக்கமான சிகிச்சையாக இழுவையும் பெல்ட்டும் வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. அதனால் அந்த இரண்டையும் இங்கேயே விட்டுவிடலாம்.

யோகா நமக்குப் பழக்கமானது, செலவும் குறைவு. புஜங்காசனம், சலபாசனம் போன்று முதுகைப் பின்னால் வளைப்பவை நாளெல்லாம் குனிந்திருக்கும் முதுகுக்கு நல்ல மாற்று. ஆனால் அண்ணி போன வகுப்பில் முப்பது பேர். எல்லோருக்கும் ஒரே வரிசை, நடுவில் உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனமும் உண்டு. பகல் முழுக்கக் குனிந்தவரை மாலையில் இன்னும் குனிய வைத்தால் எப்படி? யோகாவைக் குறை சொல்லவில்லை. ஆள் பார்த்துச் சொல்லித்தரும் ஆசிரியர் கிடைத்திருந்தால் அதையே தொடர்ந்திருப்போம்.

பிலாட்டீஸ் என்ற பேரைக் கேட்டதும் பணக்காரர் சமாசாரம் என்றுதான் நானும் நினைத்தேன். 1883-ல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ் உருவாக்கிய முறை இது. முதல் உலகப் போரில் ஆங்கிலேயர்கள் அவரை ஐல் ஆஃப் மேன் தீவில் அடைத்து வைத்திருந்தார்கள். பிற்பாடு நியூயார்க்கில் கூடம் நடத்தினார். அவர் வைத்த பேர் 'கண்ட்ராலஜி', கட்டுப்பாட்டுக் கலை. ஸ்பிரிங் வைத்த மெஷின் ஒரு வகை, பாயில் செய்வது இன்னொரு வகை. நமக்குப் பாய் போதும். பிசியோக்கள், அதாவது பிசியோதெரபி செய்பவர்கள், அதிலுள்ள கடினமானதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, வலி உள்ளவர்களுக்கு ஏற்றபடி சொல்லித்தருகிறார்கள்.

அண்ணிக்கு முதல் நாள் சொல்லித்தந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கோரைப்பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால் மடக்கி, இடுப்புக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் உள்ளங்கையை வைக்கச் சொன்னார் பிசியோ. மூச்சை மெல்ல விட்டுக்கொண்டே அந்தக் கையை முதுகால் லேசாக அமுக்க வேண்டும். அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றை எக்கினார். "அவ்வளவு வேணாம்மா, பாவாடை நாடாவை ஒரு சுத்து இறுக்கற அளவு போதும்" என்றார். அடிவயிற்றைச் சுற்றி அப்படி ஒரு தசை இருக்கிறது, முதுகெலும்பை ஒட்டியும் சின்னத் தசைகள் இருக்கின்றன. அவற்றைப் பிடிக்கப் பழகிய பிறகுதான் இடுப்பைத் தூக்கும் பயிற்சி, அப்புறம் முட்டி போட்டு எதிரெதிர் கைகால் நீட்டுவது. பிலாட்டீஸில் எனக்குப் பிடித்ததே இந்த நிதானம்தான்.

அதற்காக அது மந்திரம் இல்லை. ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் குழு 2015-ல் சொன்னது இதுதான்: பெரிதாக எதுவும் செய்யாமல் இருப்பதைவிட பிலாட்டீஸ் மேல், மற்ற உடற்பயிற்சிகளைவிட மேல் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

நடை? வலி குணமானவர்கள் 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2024-ல் வந்தது. பிசியோவின் வழிகாட்டலோடு படிப்படியாக நடையைக் கூட்டியவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்பி வர 208 நாள் ஆனது. அந்த வழிகாட்டல் இல்லாதவர்களில் அது 112 நாள். இதைவிட மலிவான வைத்தியம் எது? ஆனால் வேலூர் வெயிலில் ஏழு மணிக்கு மேல் நடக்க முடியாது, அதற்கு முன்னால் அண்ணிக்கு அடுப்படி. கடும் வலியில் இருக்கும்போது பத்து நிமிடம் நடப்பதே அவருக்குப் பாரமாக இருந்தது.

எங்கள் பக்கத்துக்கு ஒரு கொடுப்பினை உண்டு. விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தும் சக்கர நாற்காலியில் இருந்தபடி அறுவை சிகிச்சை செய்தவர் டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966-ல் வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அப்படிப்பட்ட ஊரில் ஒரு நல்ல பிசியோவைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. நாலைந்து தடவை நேரில் கற்றுக்கொண்டால் மீதியை வீட்டிலேயே செய்யலாம்.

அதனால் என் தேர்வு: வலி அதிகமாக இருக்கும்போது பாயில் பிலாட்டீஸ், தணிந்ததும் அதோடு நடை. அண்ணி இப்போது பீடிக் கட்டைக் கொடுக்க ஷேர் ஆட்டோவில் போவதில்லை, நடந்தே போகிறார். ஆடியில் வீட்டு விசேஷத்தில் மூன்று வாரம் எல்லாம் நின்றுபோய் வலி திரும்பியது. மறுபடி முதல் பயிற்சியிலிருந்து தொடங்கினார். போன வாரம் போனபோது முறத்தை இறக்கி வைத்துவிட்டு, சுவரைத் தொடாமல் எழுந்து எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.