நார்மண்டி எண், வேறு படகின் கோபுரம்: எல்.சி.ஐ. மாடல் கிட் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் பெட்டிமேல் இருக்கும் படத்தையோ உள்ளே மடித்து வைத்திருக்கும் வரலாற்றுத் தாளையோ நம்பி வாங்காதீர்கள். இரண்டாம் உலகப் போரில் காலாட்படை வீரர்களை நேராகக் கரையில் கொண்டுபோய் இறக்கிய எல்.சி.ஐ. படகின் பிளாஸ்டிக் கிட் இது, 1:144 அளவு. கம்பெனி பெயரைப் போடவில்லை, ஏனென்றால் குறையாகச் சொல்ல நிறைய இருக்கிறது. கும்பகோணத்துக்கு கூரியரில் வரும்போதே ஒரு சின்னத் துப்பாக்கியின் குழல் முறிந்திருந்தது. விற்றவருக்குப் போட்டோ அனுப்பினேன், பதில் இல்லை. சரி, அதை ஊசி முனையை வெட்டிச் சரிசெய்துகொள்ளலாம்.

முதலில் நல்லது. உண்மையான படகு 48 மீட்டருக்குக் கொஞ்சம் அதிக நீளம், அதனால் மாடல் ஒரு அடி ஸ்கேலைத் தாண்டி நிற்கிறது. உடல் இரண்டே பாகம், இடுக்கில்லாமல் ஒட்டுகிறது. அணியத்தின் (படகின் முன்முனை) இரு பக்கமும் முன்னால் நீட்டி இறக்கும் சரிவுப் பாலங்கள்தான் கிட்டிலேயே அருமையான வேலை: மெல்லிய கைப்பிடிக் கம்பி, கால் வழுக்காமல் இருக்கக் குறுக்குச் சட்டங்கள் எல்லாம் தெரிகின்றன. கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு ஆள் பின் ஒரு ஆளாகத்தான் இறங்க முடியும் என்று புரியும். ஏறக்குறைய 200 பேர் இப்படி இரண்டு வரிசையாக, எதிரே துப்பாக்கிச் சூடு நடக்கும்போது, முதுகுச் சுமையோடு இறங்கியிருக்கிறார்கள். எத்தனை புத்தகம் படித்தாலும் இந்த அகலம் மனதில் பதியாது.

அப்புறம் அமரத்தில் (பின்முனை) இருக்கும் நங்கூரமும், அதன் கம்பியைச் சுருட்டும் வின்ச்சும். கரையை நெருங்கும்போதே பின்னால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, கம்பியை விட்டுக்கொண்டே போய் மணலில் ஏறுவார்கள். ஆட்கள் இறங்கியதும் அதே கம்பியைச் சுருட்டி, படகு தன்னைத்தானே தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும். நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் விசைப்படகு ஓட்டும் அண்ணன் ஒருவரிடம் மாடலைக் காட்டினேன். துப்பாக்கிகளை அவர் பார்க்கவே இல்லை, நேராகப் பின்பக்கத்தைத் திருப்பினார். "முகத்துவாரத்துல தரை தட்டுனா நாங்க இன்னொரு லாஞ்சத்தான் கூப்பிடணும் தம்பி, இவன் தானே இழுத்துக்குறானே" என்றார். புரொப்பல்லரைச் சுழற்றும் சாஃப்ட் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் நாலு டீசல் வீதம் மொத்தம் எட்டு இன்ஜின், அதுவும் அந்தக் காலத்துப் பேருந்துகளில் ஓடிய வகை என்றதும், சாஃப்டை எப்படிப் பின்னோக்கிச் சுற்ற வைப்பார்கள் என்று கேட்டார். சாஃப்ட் திரும்பாது, புரொப்பல்லரின் இலைக் கோணம்தான் மாறும். கிட்டில் அந்த இலைகளைத் தட்டையாக வார்த்திருக்கிறார்கள், லேசாகச் சூடு காட்டித் திருகிவிட வேண்டும்.

இனி குறை. தாளோடு வரும் ஸ்டிக்கரில், பிரான்சின் நார்மண்டி கரையில் இறங்கிய படகு என்று 91 என்ற படகு எண் இருக்கிறது. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் கட்டளைக் கோபுரம், அதாவது தலைவர் நின்று படகை நடத்தும் இடம், வட்டமானது! வட்டக் கோபுரம் 351ஆம் எண்ணில் தொடங்கிய பிந்திய வகைக்கு உரியது. 91 முந்திய வகை, அதற்குச் சதுரமான தாழ்ந்த கோபுரம்தான். இரண்டு கோபுரத்தையும் பெட்டியில் போட்டிருந்தால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்? இவ்வளவு நுணுக்கமாகப் பாலத்தைச் செய்தவர்கள் இதில் கோட்டைவிட்டது எரிச்சலாக இருக்கிறது.

வரலாற்றுத் தாள் அதைவிட மோசம். "நார்மண்டியில் வீரத்துடன் பணியாற்றியது" என்று ஒரு வரி, மீதி எல்லாம் பெயிண்ட் விளம்பரம். அந்த 91க்கு நடந்ததைச் சொல்ல ஒரு பத்தி போதாது. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் ஒமாகா கரையில் அமெரிக்கக் கடலோரக் காவல்படையினர் ஓட்டிய 85, 91, 92, 93 என்ற நாலு படகும் ஒரே நாளில் போயின. 91, 92 தீப்பிடித்து எரிந்தன. 85 கண்ணிவெடியிலும் குண்டுவீச்சிலும் சிக்கி, காயம்பட்டவர்களைப் பெரிய கப்பலுக்கு மாற்றிவிட்டு மூழ்கியது. புகைப்படக்காரர் ராபர்ட் காப்பா கரையிலிருந்து தண்ணீருக்குள் நடந்துபோய் ஏறியது 94இல். இந்தப் படகுகள் பிரிட்டிஷ்காரர்கள் கேட்டு அமெரிக்கா கட்டியவை, 1943இல் அட்லாண்டிக்கைத் தாங்களே கடந்து இத்தாலியின் சிசிலி, சலேர்னோ தரையிறக்கங்களை எல்லாம் பார்த்தவை. தட்டை அடி என்பதால் உள்ளே இருந்தவர்களின் வயிறு என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பசிபிக் பக்கம் இதே உடலில் பாலங்களைக் கழற்றிவிட்டு பீரங்கி ஏற்றினார்கள். 1945 பிப்ரவரி 17 அன்று ஜப்பானின் இவோ ஜிமா தீவில், தரையிறக்கத்துக்கு முன் கரையோரத்தை வேவு பார்க்கப் போன கடற்படை நீச்சல் வீரர்களுக்குப் பாதுகாப்பாக இப்படிப் பன்னிரண்டு படகுகள் கரையை நெருங்க, பெரிய தரையிறக்கமே தொடங்கிவிட்டது என்று நினைத்த ஜப்பானியர் ஒளித்துவைத்திருந்த பீரங்கிகளால் வெளுத்துவிட்டார்கள். 474 மூழ்கியது. 449இன் தலைவர் ரூஃபஸ் ஹெர்ரிங், பலத்த காயத்தோடு, நிற்க முடியாமல் காலி குண்டு உறைகளை முட்டுக்கொடுத்துச் சாய்ந்துகொண்டு சுக்கானைப் பிடித்து படகை வெளியே கொண்டுவந்தார். அதற்காக அமெரிக்காவின் உயரிய வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் கிடைத்தது.

நம் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு கதை சுவைக்கும். 1945 செப்டம்பரில், ஜப்பான் சரணடைந்த பிறகு, மலாயாவின் மோரிப் கரையில் பிரிட்டிஷ்-இந்தியப் படை இறங்கியது. எதிர்ப்பே இல்லை, ஆனால் வண்டிகள் சேற்றில் புதைந்து நின்றன. எதிரி சுட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பினாங்குக்கும் கிள்ளானுக்கும் போன உறவுக்காரர்கள் இல்லாத டெல்டா குடும்பம் குறைவு, அவர்களில் கிள்ளான் பக்கம் இருந்தவர்களுக்கு ஆங்கிலேயன் திரும்பி வந்தது இந்தச் சேற்று வழியாகத்தான்.

ஐப்பசி மழையில் ஒட்டப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பெயிண்ட் வெளுத்துப் பூத்துவிடும், ஸ்டிக்கர் ஓரம் எழும்பும். தை பிறந்த பிறகு பெயிண்ட் அடியுங்கள். 91ஐ ஒட்டாமல், தனியாக எண் ஸ்டிக்கர் வாங்கி 351க்கும் 400க்கும் இடையில் ஏதாவது எண்ணைப் போடுங்கள், கோபுரம் பொருந்தும். கைவேலை தெரிந்தவர்கள் பாலங்களை விட்டுவிட்டு, 40 மி.மீ. பீரங்கி வைத்து 449 செய்யலாம், பொருத்தமான கோபுரம் அதற்கு ஏற்கெனவே பெட்டியில் இருக்கிறது. ஐந்துக்கு மூன்றரை.