மக்காச்சோள எத்தனால் ஆலை: கட்டிக்கொடுத்த நிறுவனத்தின் பணி பற்றி ஒரு மதிப்புரை

சேலம், நாமக்கல் வட்டாரத்தில் நாளொன்றுக்கு 60 கிலோலிட்டர் எத்தனால் எடுக்கும் தானிய ஆலை ஒன்றின் உற்பத்திப் பிரிவை நான் கவனித்து வருகிறேன். வடிவமைப்பு முதல் ஓட்டிக்காட்டி ஒப்படைப்பது வரை ஒரே ஒப்பந்தமாக எடுத்து இந்த ஆலையைக் கட்டிய பொறியியல் நிறுவனத்தின் பணியைப் பற்றி, அடித்தளம் தோண்டிய நாளிலிருந்து உடனிருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். பெயர் குறிப்பிடவில்லை, நான் சொல்லப்போகும் குறை எந்த நிறுவனத்தின் ஒப்பந்தத்திலும் ஒளிந்திருக்கக் கூடியது.

முதலில் அவர்கள் சிறப்பாகச் செய்ததைச் சொல்ல வேண்டும். சாராயத்தை எவ்வளவு காய்ச்சி வடித்தாலும் ஏறத்தாழ 96 விழுக்காட்டுக்கு மேல் செறிவு ஏறாது; மீதமுள்ள நீரை மாலிகுலர் சீவ் எனப்படும் சியோலைட் மணிப் படுகை வழியாக ஆவியைச் செலுத்திப் பிரிக்கிறோம். பெட்ரோலில் கலப்பதற்கு 99.5 விழுக்காடோ அதற்கு மேலோ தேவை. எங்கள் ஆலையில் வடிகோபுரங்களும் இந்தப் படுகைகளும் ஓடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே 99.8 காட்டின. அதிகாலை இரண்டு மணிக்குக் குழாயில் பொருத்திய பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால் முதல் எத்தனால் நிறமற்ற இழையாக விழுந்ததையும், அதைக் குடுவையில் பிடித்து ஆய்வகத்துக்கு ஓடிய இளம் பொறியாளரின் கை நடுங்கியதையும் நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை எண்ணெய் நிறுவன டேங்கர் ஒன்றுகூடத் தரக்குறைவால் திரும்பி வந்ததில்லை.

குளிர்விப்பு ஏற்பாட்டிலும் அவர்களின் அக்கறை தெரிந்தது. கூழை நொதிக்கவைக்கும் ஈஸ்ட் 32 பாகை செல்சியஸில் நன்றாக வேலை செய்யும். 36ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும். நம் ஊர் சித்திரை வெயிலில் இது சிறிய பிரச்சினை அன்று. வேறு ஊருக்குப் போட்ட கணக்கை இங்கே ஒட்டாமல், இந்த வட்டாரத்தின் ஈரக்குமிழ் வெப்பநிலையை (காற்றின் ஈரத்தையும் சேர்த்துக் காட்டும் அளவை) கேட்டு வாங்கி, குளிர்கோபுரத்தில் ஓர் அறையைக் கூடுதலாக வைத்தார்கள். இரண்டு கோடைகளிலும் நொதித்தல் ஒருநாளும் நிற்கவில்லை.

குறை ஆலையின் பின்பகுதியில் இருக்கிறது. 2022இல் ஒப்பந்தம் போட்டபோது எங்கள் மூலப்பொருள் குருணை அரிசி, தேவைப்பட்டால் மக்காச்சோளம் என்பதுதான் திட்டம். 2023 ஜூலையில் இந்திய உணவுக் கழகம் எத்தனாலுக்கான அரிசி வழங்கலை நிறுத்தியதும் முழுக்க மக்காச்சோளத்துக்கு மாற வேண்டியதாயிற்று. அரைவை ஆலையும் கூழாக்கும் கலன்களும் இரண்டு தானியத்துக்கும் ஏற்றபடி இருந்ததால் முன்பகுதி தடுமாறவே இல்லை. ஆனால் மக்காச்சோளத்தில் அரிசியைவிட நார் மிகுதி. வடித்தபின் மிஞ்சும் சக்கையும் மிகுதி. அந்தச் சக்கையைப் பிழியும் டிகாண்டர்களையும், காயவைத்துக் கால்நடைத் தீவனமாக்கும் டிரையரையும் அவர்கள் அரிசிக் கணக்கிலேயே வாங்கியிருந்தார்கள்.

விளைவு எளிய கணக்கில் புரியும். 68 விழுக்காடு ஈரத்துடன் வர வேண்டிய சக்கை எங்களுக்கு 74 விழுக்காட்டில் வந்தது. ஆறு புள்ளிதானே என்று தோன்றும். நூறு கிலோ திடப்பொருளோடு முன்னதில் 212 கிலோ நீர் வரும். பின்னதில் 285 கிலோ. டிரையர் விரட்ட வேண்டிய நீர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. கையில் எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் சாறு வழியும் அந்தச் சக்கை, டிரையரின் நீராவிக் குழாய்களில் களியாக ஒட்டி, தேங்காய் அளவு உருண்டைகளாக வெளியே உருண்டது. உருண்டையை உடைத்தால் உள்ளே ஈரம், மறுநாள் பூஞ்சை. அதைக் கோழிப்பண்ணைக்காரர்கள் வாங்குவார்களா? எங்களுக்குத் தானியத்தில் போட்டியும் அவர்கள்தான், தீவனத்தை வாங்குபவர்களும் அவர்கள்தான். தானியத்தில் இருக்கும் பூஞ்சை நச்சு, மாவுப்பொருள் நீங்கிய பின் மும்மடங்காகச் செறிவடையும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

சக்கை தேங்கினால், வடித்தபின் மிஞ்சுவது சேரும் தொட்டி காலியாகாது. தொட்டி காலியாகாவிட்டால் வடிகோபுரம் நிற்கும். கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையில் அனுமதி பெற்ற ஆலைக்கு வேறு வழியே கிடையாது. ஏறத்தாழ ஐந்து மாதம் 40 கிலோலிட்டருக்கு மேல் எடுக்க முடியாமல் தவித்தோம்.

அப்போதுதான் ஒப்பந்தத்தின் உத்தரவாதப் பகுதியை வரிவரியாகப் படித்தேன். எத்தனாலின் அளவுக்கும் தரத்துக்கும் நிறுவனம் பொறுப்பேற்றிருந்தது. டிரையருக்கு மட்டும் அதை விற்றவரின் உத்தரவாதமே செல்லும் என்று இருந்தது. டிரையர்காரர் சக்கையில் ஈரம் அதிகம் என்றார். டிகாண்டர்காரர் தானியம் மாறிவிட்டது என்றார். இருவரையும் தேர்ந்தெடுத்த நிறுவனமோ 72 மணி நேரச் சோதனை ஓட்டத்தில் எத்தனால் அளவு சரியாக வந்த காகிதத்தைக் காட்டியது. ஒரே ஒப்பந்தம் என்று பணம் வாங்கியவர்கள் இப்படி விலகி நின்றதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

பல சுற்றுப் பேச்சுக்குப் பின் கூடுதல் டிகாண்டர் ஒன்றின் விலையில் பாதியை ஏற்றுக்கொண்டார்கள். அதை நிறுவ வந்த குழு இரவுபகல் பாராமல் உழைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இப்போது சக்கை 69 விழுக்காட்டில் வருகிறது. 60 கிலோலிட்டர் தடையின்றிக் கிடைக்கிறது.

இந்த நிறுவனத்தை அணுகுபவர்கள் வடிகோபுரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உத்தரவாதத்தை மட்டும் எத்தனாலோடு நிறுத்தாமல், உலர்ந்த தீவனம் மூட்டையில் விழும் இடம் வரை, மக்காச்சோளத்தை மட்டுமே ஓட்டிக்காட்டும் சோதனையோடு கேளுங்கள். டிகாண்டர் கியர்பாக்ஸ் ஒன்றையும் தொடக்கத்திலேயே கையிருப்பாக வாங்கி வையுங்கள். எங்களுக்கு அது வந்துசேர எட்டு வாரம் ஆனது.