ஸ்ரீரங்கத்தில் குடியேற: மதிலுக்கு உள்ளேயா, ஆற்றங்கரையிலா, திருவானைக்கோவிலா?

ஸ்ரீரங்கத்தில் வீடு தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ராஜகோபுரத்திலிருந்து எவ்வளவு தூரம்?" தரகரும் அதற்கு உற்சாகமாகப் பதில் சொல்வார். அடிமனை, அதாவது வீட்டுக்கு அடியில் இருக்கும் மண், யார் பெயரில் இருக்கிறது, ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் நிற்கும் என்று கேட்டால்தான் பேச்சு கொஞ்சம் தடுமாறும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் இந்தத் தீவில் குடித்தனம் சுகப்படுமா என்பதை அந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

பார்க்கக்கூடிய இடங்கள் நான்கு. கோயிலின் ஆறாம் ஏழாம் சுற்றுகளான உத்தர வீதி, சித்திரை வீதிகளில் உள்ள பழைய வீடுகள் ஒன்று. தெற்கே அம்மா மண்டபம் சாலை, மாம்பழச்சாலை, கீதாபுரம் பக்கம் எழுந்திருக்கும் அடுக்குமாடிகள் இரண்டாவது. ரயில் பாதையைத் தாண்டினால் திருவானைக்கோவில். நான்காவது, தீவே வேண்டாம் என்று தென்கரையில் உறையூரில் தங்கிவிடுவது. எங்கள் கணிப்பு இது: மதிலுக்குள் வாடகைக்கு இருங்கள், வாங்குவதென்றால் வெளியே வாங்குங்கள். ஏன் என்பதுதான் கீழே வருகிறது.

அடிமனை

சித்திரை வீதிகளுக்கும் வெளியே ஓடும் அடையவளஞ்சான் வீதிகளுக்கு உட்பட்ட பகுதியில் 'அடிமனைப் பிரச்சினை' என்று ஊரே சொல்லும் ஒரு விவகாரம் உண்டு. மேலே நிற்கும் கட்டடம் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்களுடையது. அடியில் இருக்கும் மண் கோயிலுக்குச் சொந்தம் என்பது கோயில் தரப்பின் வாதம். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு கோயில் நிலத்தை உரிய அனுமதியில்லாமல் பதியக்கூடாது என்கிறது. விற்பனைக்கு மட்டுமல்ல, தானம், அடமானம், பரிவர்த்தனை, குத்தகை எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

இதில் பலரும் கவனிக்காத இடம் போக்கியம். மாத வாடகை இல்லாமல் ஒரு பெருந்தொகையைக் கொடுத்து இரண்டு மூன்று ஆண்டு இருப்பது திருச்சியில் சாதாரண வழக்கம். அந்த ஒப்பந்தத்தைப் பதிய முடியாத மனையில் உங்கள் மொத்தப் பணமும் வெறும் முத்திரைத்தாளை நம்பி நிற்கும். ஆகவே உள்வீதிகளில் மாத வாடகை மட்டும் போதும், போக்கியம் வேண்டாம்.

வாங்கியே தீர வேண்டும் என்றால் வரிசை இப்படி. முதலில் நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை எடுத்து, அந்த வார்டு, பிளாக், சர்வே எண்ணுக்கு எதிரே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு பதிவுத்துறை இணையத்தில் அதே எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பைத் தேடுங்கள். பூஜ்யம் என்று வந்தால் அங்கேயே நின்று சார்பதிவாளர் அலுவலகத்தில் காரணம் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் 30 வருட வில்லங்கச் சான்றும் மூலப்பத்திரமும். வில்லங்கம் சுத்தமாக இருப்பதைக் காட்டி, "பாருங்கள், ஒரு பிரச்சினையும் இல்லை" என்பார்கள். பதிவே நடக்காத மனையில் வில்லங்கம் எப்படி ஏறும்? கடைசிச் சோதனை வங்கி: கடன் தேவைப்படாவிட்டாலும் விண்ணப்பம் போட்டு, வங்கி வழக்கறிஞரின் கருத்தை வாங்கிப் பாருங்கள். மொத்தச் செலவில் அது ஒரு துளி.

இந்தத் தலைவலி திருவானைக்கோவிலிலும் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. கோயிலை ஒட்டிய வீதிகளில் அதே சோதனையைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் கொண்டையம்பேட்டை, நெல்சன் ரோடு பக்கம் கவலை வேறு வகை. வயலும் வாழைத்தோட்டமுமாக இருந்த நிலம் மனையானது. மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா, பொதுவழியும் வாய்க்காலும் வரைபடத்தில் எங்கே ஓடுகின்றன என்று பார்க்க வேண்டும். தோட்டத்துக்குப் பாய்ந்த வாய்க்கால் மூடப்பட்டிருந்தால் மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் பழைய தடத்தைத் தேடி வரும்.

பழைய வீடும் அதன் ஈரமும்

உத்தர, சித்திரை வீதி வீடுகள் குறுகலாகத் தொடங்கி நீளமாகப் பின்னால் ஓடும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை, கடைசியில் கழிப்பறை. இருபக்கச் சுவரும் அண்டை வீட்டோடு பொது. வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியாக மட்டும்தான். முற்றத்துக்கு மேலே தகடு போட்டு மூடிவிட்ட வீட்டில் கூடத்தில் பகலிலும் விளக்கெரியும். அந்த வீட்டை விட்டுவிடுங்கள். வயதானவர்கள் இருக்கும் குடும்பம் என்றால் படுக்கையிலிருந்து கழிப்பறை வரை எத்தனை படி, எத்தனை அடி என்று நடந்து எண்ணிப் பார்ப்பது நல்லது. கோயில் பக்கம் என்று வந்துவிட்டு இரவில் கொல்லைக்குப் போக அல்லாடுவது உண்டு.

மேல்தளம் அநேகமாக மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை ஒன்றரை அடி இடைவெளியில் சுவருக்குச் சுவர் போட்டு, மேலே சிறு செங்கல்லைச் சுண்ணாம்புக் கலவையில் செங்குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று நான்கு அங்குலத்துக்கு இடித்துக் கெட்டிப்படுத்தி, கடைசியில் தட்டோடு பதித்திருப்பார்கள். இது கெடுவது நடுவில் அல்ல, ஓரத்தில். கட்டையின் நுனி சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கினால் கட்டை உளுத்துப்போகும். வெளியே வர்ணம் பளபளக்கும். ஒரு திருப்புளியை எடுத்துச் சுவரோடு சேரும் இடத்தில் ஒவ்வொரு கட்டையையும் குத்திப் பாருங்கள். நுனி அரை அங்குலம் சுலபமாக உள்ளே போனால் அந்தக் கட்டை கணக்கில் இல்லை. ஒன்றிரண்டு என்றால் இரும்பு ஐ-பீம் கொடுத்து முட்டுக்கொடுக்கலாம். வரிசையாகப் போனால் வீட்டுக்காரரிடம் வாடகையைப் பேசிப் பிரயோசனமில்லை.

அடுத்தது சுவர். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து நிற்கும். அந்தக் காலச் சுவரில் ஈரத்தடுப்பு அடுக்கு கிடையாது. செங்கல் கீழிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதைச் சுரண்டிவிட்டு சிமென்ட் பூசி, மேலே புட்டி, எமல்ஷன் என்று அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், மூன்றடி ஐந்தடியாகும், கதவு நிலையின் அடி மக்கும், கறையான் வரும். சரிசெய்யும் முறை: ஈரக்கோட்டுக்கு மேலே ஓரடி வரை சிமென்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, கோடையில் இரண்டு மாதம் காய விட்டு, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்று பூசி, சுண்ணாம்பு மட்டும் அடிப்பது. அடித்த சுண்ணாம்பு கையில் ஒட்டுகிறதே என்று முகம் சுளிப்பவர்களுக்குப் பழைய வீடு சரிப்படாது.

மதிலுக்குள் இன்னொன்றும் உண்டு. வீடு கேட்டால் முதலில் சைவமா என்பார்கள். சில வீடுகளில் அதற்கு மேலும் விசாரிப்பார்கள். அது சரியா என்ற வாதம் இருக்கட்டும், நேரம் வீணாகாமல் இருக்க முதல் தொலைபேசிப் பேச்சிலேயே கேட்டுவிடுவது உத்தமம்.

ஆற்றங்கரை அடுக்குமாடி

அம்மா மண்டபம் பக்கம் ஈரச்சுவர் தொல்லை குறைவு, பதிலுக்கு வேறு. கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டத் தடை உண்டு. கீழே வாகன நிறுத்தமும் அதற்கு மேல் இரண்டு மாடியும் போட்டால் அளவு முடிந்தது. மூன்றாவது மாடியில் ஃபிளாட் காட்டினால் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கேளுங்கள். அந்த மாடி வரைபடத்தில் இல்லாவிட்டால் 'ஆற்றைப் பார்த்த வீடு' என்று கூடுதல் விலை கொடுப்பது நோட்டீசுக்குக் கொடுப்பதாக முடியலாம்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடப்படும். ஆகவே ஆறு என்பது இங்கே ஏழரை மாதம் தண்ணீர், மிச்சம் மணல். கரையோரக் கட்டடத்தின் குறைகள் எல்லாம் அந்த ஏழரை மாதத்தில்தான் தெரியும். லிஃப்ட் குழியில் ஊற்று சுரக்கும், மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருப்பார்கள். பராமரிப்புக் கட்டணத்தில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியை நவம்பரில் கழுவுகிறேன் என்று காலி செய்யக்கூடாது. சுற்றி நீர் நிற்கும்போது காலித்தொட்டி படகு மாதிரி மேலே தூக்கும், விரிசல் விடும், பிறகு மண்நீர் உள்ளே கசியும். தொட்டி கழுவுவது சித்திரை வைகாசியில்.

அம்மா மண்டபம் சாலையில் இருப்பவர்கள் நாட்காட்டியில் ஆடிப்பெருக்கு, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும். அன்று விடியற்காலை முதல் கார் வெளியே வராது. மதிலுக்குள் இதைவிட நீளம்: வைகுண்ட ஏகாதசியையொட்டி பகல்பத்து ராப்பத்து நாட்கள், தைத்தேருக்கு உத்தர வீதி, சித்திரைத் தேருக்குச் சித்திரை வீதி. தேருக்கு முதல் நாளே வண்டியை வெளியே கொண்டுபோய் நிறுத்திவிட வேண்டும். கார் அன்றாடத் தேவை என்றால் உள்வீதி ஒத்துவராது; பெரும்பாலான வீடுகளுக்கு நிறுத்த இடம் தெருதான். கார் இல்லாதவர்களுக்கு ஸ்ரீரங்கம் போல வசதி திருச்சியில் வேறெங்கும் கிடையாது. ஒன்றாம் நம்பர் பஸ் சத்திரம் பேருந்து நிலையம் வழியாக மத்தியப் பேருந்து நிலையம் வரை போகும்; மலைக்கோட்டை, பல்லவன் ரயில்கள் ஸ்ரீரங்கத்திலேயே நிற்கும்.

ஆற்றங்கரை என்று தென்கரையில் சிந்தாமணி, ஓயாமாரி அருகே வீடு பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சுடுகாடு எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்று மாலையில் ஒருமுறை மாடியில் நின்று பாருங்கள்.

திருவானைக்கோவில்

ஜம்புகேசுவரர் கோயில் அப்புத்தலம், அதாவது நீருக்குரிய தலம். கருவறையிலேயே நீர் சுரக்கும். ஊரின் நிலத்தடி நீருக்கு அதைவிட நல்ல விளம்பரம் தேவையில்லை. கோயிலைச் சுற்றிய உள்வீதிகளின் பழைய வீடுகளுக்கும் மேலே சொன்ன ஈரச்சுவர் வைத்தியம் அப்படியே பொருந்தும். ஆனால் கூட்டம் ஸ்ரீரங்கத்தில் பாதிகூட இல்லை, தெருவில் வண்டி நிறுத்த இடமுண்டு, வீடு கேட்கும்போது விசாரணையும் குறைவு. சென்னைப் புறவழிச்சாலை பக்கத்தில் இருப்பது சின்ன விஷயமில்லை. மாம்பழச்சாலையையும் சிந்தாமணியையும் இணைக்கும் 1976-ஆம் ஆண்டின் காவிரிப் பாலம் 2022 கடைசியில் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டு மாதக்கணக்கில் திறக்கவில்லை. தீவிலிருந்து நகரத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் புறவழிச்சாலைப் பாலத்தைச் சுற்றித்தான் போனார்கள். அப்போது திருவானைக்கோவில்காரர்களுக்குச் சுற்று குறைவு. கிழக்கே கல்லணை ரோட்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று உத்தமர்சீலியைத் தாண்டிப் போகவேண்டாம். காவிரியிலும் கொள்ளிடத்திலும் வெள்ளம் வந்தால் அங்கே ரோட்டில் இருக்கும் தரைப்பாலம் முழுகும்.

உறையூரும் வெள்ளக் கணக்கும்

தீவு என்றால் வெள்ளப் பயம் அதிகம், உறையூர் பத்திரம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நிலவரம் அப்படியில்லை. தீவுக்கு வரும் வெள்ளம் பெரும்பாலும் மேட்டூரிலிருந்து வருகிறது. திறப்பு எத்தனை கனஅடி என்று முன்கூட்டியே அறிவிப்பு வரும், தண்ணீர் வந்துசேர அவகாசம் இருக்கும், காவிரியும் கொள்ளிடமும் பிரியும் முக்கொம்பில் உபரியைக் கொள்ளிடத்தில் தள்ளிவிடுவார்கள். அந்த ஏற்பாடும் பொய்க்கும்: 2018 ஆகஸ்டில் முக்கொம்பு கொள்ளிடம் மேலணையின் 9 மதகுகள் இடிந்தன. ஆனால் நகர்வதற்கு நேரம் இருக்கும். உறையூர், வயலூர் ரோடு பக்கத்து வெள்ளம் கோரையாறு, குடமுருட்டி வழியாக மணப்பாறைப் பக்கத்து மழையிலிருந்து வருவது. இரவு அங்கே கொட்டினால் காலையில் இங்கே வாசலில். 2005-இல் லிங்கம் நகர், குமரன் நகர் பட்டது அப்படித்தான். உறையூரில் பழைய நெசவாளர் தெருக்கள் மேடு. ஆற்றோரம், உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரம் புதிதாக வந்த நகர்கள் பள்ளம். அலுவலகமும் பள்ளியும் தென்கரையில் இருப்பவர்களுக்கு உறையூர் வசதிதான், தெரு மட்டத்தைப் பார்த்து எடுத்தால்.

தீவுக்குள் வெள்ளத்தைவிட அன்றாடத் தொல்லை கழிவுநீர். பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டு என்று சொன்னால் ஆய்வுத்தொட்டியின் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். செப்டிக் டேங்க் மட்டும் உள்ள வீட்டில் நிலத்தடி நீர் ஏறினால் உறிஞ்சுகுழி வேலை செய்யாது. தைக்குள் இரண்டு முறை லாரி கூப்பிட வேண்டியிருக்கும். ஆகவே எந்த வீட்டையும் ஒரு முறை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மே மாதத்தில் எல்லா வீடும் காய்ந்துதான் இருக்கும். கார்த்திகையில் நான்கைந்து நாள் மழைக்குப் பிறகு, விளக்குமாற்றால் பெருக்கி வைப்பதற்கு முன்பு, சொல்லாமல் போய்க் கொல்லைக் கழிப்பறையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அது இறங்குகிற வேகத்தைப் பார்த்து முன்பணம் கொடுக்கலாம்.