பொன்னிறப் பூச்சுக்கு எந்த லேசர்: நானோ நொடியா, ஃபெம்டோ நொடியா?

டிரில் பிட்டின் மேல் மின்னும் பொன்னிறம் டைட்டானியம் நைட்ரைடு பூச்சினுடையது. தடிமன் வெறும் 2 முதல் 4 மைக்ரோமீட்டர். கடினத்திலோ அடியிலுள்ள ஹைஸ்பீடு ஸ்டீலைப் (வெட்டுக் கருவிகளுக்கான எஃகு) போல இரண்டு மடங்குக்கும் மேல். இத்தனை மெல்லிய தோலில் மசகெண்ணெய் தங்குவதற்கு லேசரால் நுண்குழிகள் போட வேண்டுமென்றால், வெப்பம் எவ்வளவு ஆழம் போகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்த லேசர்களின் ஒளி குட்டிக் குட்டித் துடிப்புகளாக விழுகிறது; நானோ நொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. 10 நானோ நொடித் துடிப்பில் வெப்பம் சுமார் அரை மைக்ரோமீட்டர் இறங்கும். பட்டறைகளில் பெயர் பொறிக்கும் ஃபைபர் லேசர்களின் துடிப்பு பெரும்பாலும் 100 நானோ நொடியை ஒட்டியது. அதில் ஒன்றரை மைக்ரோமீட்டரைத் தாண்டிவிடும். பூச்சின் பாதி போய்விட்டது! மேற்பரப்பு உருகி, குழியின் விளிம்பில் உதடுபோல் திரண்டு உறைகிறது. ஆறும்போது அது சுருங்கப் பார்க்கிறது. கீழே சூடேறாத பகுதி விடுவதில்லை. இழுவிசை தாங்காமல் பூச்சு வெடிக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் வறண்ட ஏரியின் களிமண் பாளங்கள் போலவே இருக்கும். குழியைச் சுற்றிப் பொன்னிறம் மங்கி நீலம் படர்ந்திருந்தால், அங்கே ஆக்சைடு உருவாகிவிட்டது. துடிப்புகள் நெருக்கமாக விழுந்து அடியிலுள்ள எஃகும் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது இளகத் தொடங்கும். பிறகு மேலே இருப்பது சேற்றின் மேல் வைத்த முட்டை ஓடுதான்.

ஃபெம்டோ நொடி என்பது நானோ நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்தத் துடிப்பு எலக்ட்ரான்களைத்தான் முதலில் சூடாக்குகிறது. அந்த ஆற்றல் அணுக்களுக்குப் போய்ச் சேரச் சில பிக்கோ நொடிகள் (ஒன்று ஆயிரம் ஃபெம்டோ நொடி) ஆகும். அதற்குள் துடிப்பே முடிந்துவிடும். வெப்பம் பரவுவதற்குள் பொருள் பெயர்ந்து போவதால் விளிம்பு சுத்தமாக நிற்கிறது. குறைந்த ஆற்றலில், ஈர மணலில் அலை விட்டுப்போன வரிகள் போன்ற நுண்வரிகள் தோன்றுகின்றன. 800 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அவற்றின் இடைவெளி அந்த அலைநீளத்தைவிடச் சற்றுக் குறைவு. இந்த அழகை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை. ஆனால் வேலை மெதுவாக நடக்கும், கருவியின் விலையும் மிக அதிகம். வேகத்துக்காகத் துடிப்புகளை மிக நெருக்கமாக விட்டால் இதிலும் வெப்பம் சேர்ந்துவிடும்.

எண் பொறிக்கவும், தேய்ந்த பூச்சை உரித்தெடுக்கவும் நானோ நொடியே போதும். உராய்வைத் தாங்க வேண்டிய பரப்பில், பூச்சின் மேலேயே குழி போடுவதானால் ஃபெம்டோ நொடியைத்தான் நான் ஏற்பேன். நானோ நொடி லேசர் மட்டுமே கையில் இருந்தால் வரிசையை மாற்றுங்கள்: முதலில் எஃகில் குழி போட்டு, திரண்ட உதட்டைத் தேய்த்து மெருகேற்றி, அதன்பின் பூச்சுக்கு அனுப்புங்கள்.