சொதி பரிமாற எந்தக் கிண்ணம்?

மேஜை நடுவில் அழகாகவும் இருக்கணும், சொதியும் ஊற்றணும் என்றால் சக்கரத்தில் வனைந்த கிண்ணத்தில் இரண்டு வகை. ஒன்று, நெல்லைச் சீமையில் காருகுறிச்சிப் பக்கத்துச் சுட்டமண். இன்னொன்று, 1971-இல் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறை வழியாகப் பாண்டிச்சேரி வட்டாரத்தில் பரவிய, கிளேஸ் (கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் மேல்பூச்சு) போட்ட ஸ்டோன்வேர்; நம் வீட்டு ஊறுகாய் ஜாடியின் சாதி. விலை சுட்டமண்ணில்தான் கம்மி. ஆனாலும் பரிமாற என்றால் என் ஓட்டு ஸ்டோன்வேருக்கே.

காரணம், மண் குடிக்கும் தண்ணீர். சுட்டமண் 1000 டிகிரி செல்சியஸை ஒட்டியோ அதற்குக் கீழோ வேகும். துளைகள் அப்படியே நிற்கும். ஸ்டோன்வேர் 1200 டிகிரி தாண்டி வேகும்போது மண்ணில் ஒரு பகுதி கண்ணாடியாய் உருகித் துளையை அடைத்துவிடும். சொதியின் தேங்காய்ப்பால் சுட்டமண்ணுக்குள் இறங்கினால் நாளடைவில் காறல் வாடை. சோப்பு போட்டால் அதையும் குடிக்கும். தேங்காய் நாரால் தேய்த்து வெயிலில் காயவைக்கணும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயிலுக்கு எங்கே போக? ஈரம் நின்றால் பூசணம். போர்த்தண்ணி என்றால் வெளிப்பக்கம் வெள்ளையாக உப்புப் பூக்கும். பூ மிதக்கவிட்டாலும் மரமேஜையில் வட்டக்கறை. தயிர் உறைய மட்டும் அதை அடிச்சுக்க ஆளில்லை: தண்ணீரை இழுத்துக்கொண்டு கட்டியாக்கித் தரும்.

ஸ்டோன்வேர் என்று விற்பதெல்லாம் ஸ்டோன்வேர் இல்லை. கவிழ்த்து, கிளேஸ் இல்லாத அடி வளையத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சொட்டு நிற்கணும், உடனே இழுத்துக்கொண்டால் வேக்காடு போதவில்லை. வீட்டில் சமையல் தராசு இருந்தால் காய்ந்த கிண்ணத்தை நிறுத்து, ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, துடைத்து மறுபடி நிறுக்கலாம். 600 கிராம் கிண்ணம் 618-ஐத் தாண்டினால், அதாவது 3 சதவீதத்துக்கு மேல் குடித்திருந்தால், அலங்காரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடி நடுவில் எஸ் போல் வளைந்த கீறல் இருந்தால் வாங்கவே வேண்டாம்; வனையும்போது நடுமண்ணை அழுத்தாமல் விட்ட கோளாறு அது. கிளேஸில் முடி போன்ற வெடிப்பு, ஆறும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகம் சுருங்கியதால் வருவது. பார்க்க அழகுதான், புளிக்குழம்பு ஊற்றினால் கோடு கோடாய்ப் பிடித்துக்கொள்ளும்.

உள்பக்கம் பளிச்சென்ற சிவப்போ மஞ்சளோ என்றால் கிளேஸில் ஈயம் இருக்கலாம்; எலுமிச்சைத் துண்டை ஓர் இரவு வைத்துப் பாருங்கள். நிறம் மங்கினால் சாப்பாட்டுக்கு ஆகாது. மங்காவிட்டாலும் ஈயம் இல்லையென்று ஆகிவிடாது. அதைச் சொல்ல லேப் வேணும்.

அடி வளையம் மேஜையைக் கீறினால் 220 நம்பர் வாட்டர் பேப்பரை (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்துத் தேய்க்கவும். உலர்வாகத் தேய்க்காதீர்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.